கடிதம் தட்டச்சு செய்யுமுன்: ரைட்டர் மென்பொருளின் பொது அமைப்புகளைச் சரிசெய்யும் முறை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, ஒரே ஒரு கடிதத்தை அச்சிட்டு எடுப்பதற்காக ஹட்டனுக்கு மூன்று முறை பஸ் ஏறியவன் நான். முதல் முறை, கடையில் இருந்த கணினியில் கோப்பைத் திறந்தபோது தமிழ் எழுத்துகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிறைந்திருந்தன. இரண்டாம் முறை எழுத்துகள் ஒழுங்காக வந்தன. ஆனால் கையொப்பத்துக்கு விட்டிருந்த வரி மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. மூன்றாம் முறை எல்லாம் சரி என்று மகிழ்ந்து, பக்கத்துக்கு 20 ரூபாய் வீதம் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வீடு வந்த பிறகுதான், பெரியம்மாவின் வீட்டு இலக்கமான 1/2 என்பது ½ என்று அச்சாகியிருந்ததைக் கவனித்தேன். அது அவருடைய ஊழியர் சேமலாப நிதி தொடர்பான கடிதம். "தம்பி, தபால்காரருக்கு இது விளங்குமா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்த மூன்றுமே தட்டச்சுப் பிழைகள் அல்ல. மென்பொருளை நிறுவியவுடன் ஒருமுறை செய்து முடித்திருக்கவேண்டிய அமைப்புகளை நான் தொடாமல் விட்டதன் விளைவுகள். நான் பயன்படுத்துவது லிப்ரே ஒபிஸ் தொகுப்பில் உள்ள ரைட்டர் என்பதால் கீழே உள்ள படிகள் அதற்கு உரியவை; மைக்ரோசொப்ட் வேர்ட் வைத்திருப்பவர்களுக்கு 11ஆம் படியில் தனியாகச் சில வரிகள் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பட்டியல் பெயர்களை அந்த உச்சரிப்பிலேயே தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். ரைட்டரின் முகப்பைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் புதியவர்கள் ஆங்கில முகப்பிலேயே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. சிக்கல் வரும்போது உதவிக்கு வரும் தம்பியோ தங்கையோ ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துப் பழகியவராகத்தான் இருப்பார்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

லிப்ரே ஒபிஸ் முற்றிலும் இலவசம். உங்களுக்குச் செலவாவது இணையத் தரவு மட்டுமே: விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு ஏறத்தாழ 350 மெகாபைட் இருக்கும். தோட்டத்தில் சமிக்ஞை அறுந்து அறுந்து வருமானால், நகரத்தில் நல்ல இணைப்பு உள்ள நண்பர் ஒருவரிடம் பென் டிரைவைக் கொடுத்து அந்தக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவுவதற்கு இணையம் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு வேர்டின் கள்ளப் பிரதியைப் போட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் கணினியை ஒப்படைக்க வேண்டாம். அதோடு சேர்ந்து வரும் வைரஸை நீக்குவதற்கு ஆகும் செலவு அதைவிட அதிகம்.

எழுதப்போகும் கடிதத்துக்கு உரியவரின் அடையாள அட்டை, பழைய கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை அச்சுக்கு உண்மையான பெயரும் முகவரியும் தேவைப்படும்.

நேரம் என்று பார்த்தால், எல்லாப் படிகளையும் ஒரே இருப்பில் செய்து முடிக்க முக்கால் மணித்தியாலம் போதும். காலை வேளையைத் தெரிவுசெய்யுங்கள். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் பக்கத்தில் பிற்பகலானால் இடியும் மின்னலும்தான். மின்கலம் இல்லாத மேசைக் கணினியாக இருந்தால், பாதி வேலையில் மின்சாரம் போய் நீங்கள் மாற்றியது எதுவும் நிலைக்காமல் போகலாம்.

2. ஒப்ஷன்ஸ் சாளரத்தைத் திறத்தல்

ரைட்டரைத் திறந்து, மேலே உள்ள 'டூல்ஸ்' பட்டியலின் கடைசியில் இருக்கும் 'ஒப்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். விசைப்பலகையில் ஓல்ட் விசையோடு எஃப்12 அழுத்தினாலும் அதே சாளரம் வரும். இடப்பக்கம் கிளை பிரிந்த ஒரு பட்டியலும், வலப்பக்கம் அந்தந்தக் கிளைக்குரிய அமைப்புகளும் தெரியும். ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றியவுடன் கீழே உள்ள 'அப்ளை' பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பல பக்கங்களை மாற்றிவிட்டு, கடைசியில் அவசரத்தில் 'கான்சல்' அழுத்தி அனைத்தையும் இழந்த அனுபவம் எனக்கு உண்டு.

பதிப்புக்குப் பதிப்பு சில பெயர்கள் சற்று மாறியிருக்கும். உதாரணமாக மொழிக்கான கிளை பழைய பதிப்புகளில் 'லாங்குவேஜ் செட்டிங்ஸ்' என்றும் புதியவற்றில் 'லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ்' என்றும் இருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்பதற்காக நின்றுவிடாமல், அதற்கு நெருக்கமான பெயரைத் தேடுங்கள்.

3. யாருடைய பெயர் கோப்பில் பதிகிறது என்று பார்த்தல்

'லிப்ரே ஒபிஸ்' கிளையின் கீழ் முதலாவதாக இருப்பது 'யூசர் டேட்டா'. இங்கே உள்ள பெயர், நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு கோப்பின் உள்விபரத்திலும், நீங்கள் இடும் குறிப்புகளிலும் எழுதியவர் பெயராகப் பதியும். பழைய மடிக்கணினியை வாங்கியவர்கள் கட்டாயம் இதைப் பார்க்கவேண்டும். ஒரு தங்கை தன் சுயவிபரக்கோவையை மின்னஞ்சலில் அனுப்பிய பிறகு, கோப்பின் விபரத்தில் கணினியை முன்பு வைத்திருந்தவரின் பெயர் இருந்ததைக் கண்டு பதறிப்போனாள்.

உங்களுக்காக மட்டும் எழுதுவதானால் உங்கள் பெயரை இடுங்கள். என்னைப் போல அயலவர்களுக்கும் எழுதிக் கொடுப்பவராக இருந்தால் எல்லாக் கட்டங்களையும் வெறுமையாக விட்டுவிடுங்கள். அதோடு 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'ஒப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்தினால், சேமிக்கும்போது தனிப்பட்ட விபரங்களை நீக்கிவிடும் தெரிவு ஒன்று இருக்கும். அதற்கும் சரி அடையாளம் இடலாம்.

4. மொழியும் எழுத்துருவும்

அதிக நேரம் எடுக்கவேண்டிய படி இதுதான். நான் கண்ட குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்கியது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் நீண்டகாலமாகப் புழங்கும் பாமினி போன்ற எழுத்துருக்கள், கணினியின் கணக்கில் தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடுதான் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், ஒட்டியது உரிந்து அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே தெரியும். என் முதல் பயணம் வீணானது இதனால்தான். யுனிகோட் முறையில் தட்டச்சு செய்தால் ஒவ்வொரு எழுத்தும் தமிழாகவே பதியும். எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது, கைத்தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் அப்படியே வாசிக்கலாம். ஆகவே இனி எழுதும் எல்லாவற்றையும் யுனிகோட்டில் எழுதுவது என்று முடிவுசெய்துகொண்டு கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். அதன் பிறகு ரைட்டரின் ஒப்ஷன்ஸில் மொழிக்கான கிளையைத் திறந்தால், ஆவணங்களுக்கான இயல்பு மொழிகள் என்ற பகுதியில் 'வெஸ்டர்ன்', 'ஏஷியன்', 'கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என மூன்று வரிகள் இருக்கும். நாம் ஆசியாவில் இருப்பதால் தமிழ் 'ஏஷியன்' வரியில் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நானும் அங்கேதான் அரைமணி நேரம் தேடினேன். அந்த வரி சீனம், ஜப்பான், கொரிய மொழிகளுக்கு உரியது. தமிழும் சிங்களமும் மூன்றாவது வரியில் அடங்குகின்றன. அதற்குச் சரி அடையாளம் இட்டு, பக்கத்துப் பட்டியலில் 'தமிழ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். என் கணினியில் இந்த இடத்தில் இந்தி இருந்தது. அதை மாற்றாமல் விட்டதால், நான் எழுதிய தமிழ் முழுவதையும் இந்தி என்றே மென்பொருள் கணக்கில் வைத்திருந்தது.

'வெஸ்டர்ன்' வரிக்கு 'இங்கிலிஷ் யூகே' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதே பக்கத்தில் மேலே உள்ள 'லொகேல் செட்டிங்' என்பதையும் அப்படியே மாற்றுங்கள். இது அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், தாளின் அளவும் திகதியின் ஒழுங்கும் அமெரிக்க முறைக்குப் போய்விடும். மாதத்தை முதலில் எழுதும் அந்த முறையில் 05.04 என்பது மே 4ஆம் திகதி. அலுவலகங்களுக்கு எழுதும் கடிதத்தில் இந்த மயக்கம் வரக்கூடாது.

கவனிக்கவேண்டிய பொறி: இதே இடத்தில் 'ஃபோர் த கரண்ட் டொகியுமன்ட் ஒன்லி' என்றொரு சிறிய கட்டம் இருக்கிறது. அதில் அடையாளம் இருந்தால் நீங்கள் செய்த மாற்றம் திறந்திருக்கும் அந்த ஒரு கோப்போடு முடிந்துவிடும். அடையாளத்தை எடுத்துவிட்டு 'அப்ளை' அழுத்துங்கள்.

அடுத்ததாக 'லிப்ரே ஒபிஸ் ரைட்டர்' கிளைக்குச் செல்லுங்கள். 'பேசிக் ஃபொன்ட்ஸ்' என்பது இரண்டு தரம் இருக்கும்: ஒன்று 'வெஸ்டர்ன்', மற்றது 'சிடிஎல்' ('கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதன் சுருக்கம்). மொழிப் பக்கத்தில் மூன்றாவது வரியைச் செயற்படுத்தாமல் வந்தால் இரண்டாவது பக்கம் கண்ணிலேயே படாது. அப்படியானால் ஒரு படி பின்னே போய்ப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன், தமிழுக்கு நிர்மலா யுஐ என்று நான் வைத்திருக்கிறேன். நிர்மலா விண்டோஸ் 8 முதல் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் இருக்கிறது. லதா எழுத்துரு பார்வைக்கு அழகுதான். ஆனால் விண்டோஸ் 10இல் அது மேலதிகமாகச் சேர்த்துக்கொள்ளவேண்டிய ஒன்றாகிவிட்டதால், கடைக் கணினியில் இருக்கும் என்று நம்ப முடியாது. அளவைப் பொறுத்தவரை, ஒரே அளவில் வைத்தால் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரிவதால், ஆங்கிலத்துக்கு 12, தமிழுக்கு 11 என்று இடுகிறேன்.

இந்த இரட்டை ஏற்பாட்டை விளங்கிக்கொண்டால், புதியவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். "எழுத்துருவை மாற்றினேன், ஆங்கிலம் மாறியது, தமிழ் அப்படியே இருக்கிறதே" என்பார்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துரு, அளவு, தடிப்பு எல்லாம் தனித்தனியாகவே பதிகின்றன. 'ஃபோமட்' பட்டியலில் 'கரக்டர்' சாளரத்தைத் திறந்தால் இரண்டுக்குமான கட்டங்கள் பிரிந்து தெரியும்.

பழைய பாமினிக் கடிதங்களை யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் பல உண்டு. அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் உள்ள கடிதத்தை முழுதாக அங்கே கொட்டாதீர்கள். அந்த வரிகளை நீக்கிவிட்டு மாற்றிக்கொண்டு, பிறகு கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. அளவு அலகும் தாளும்

'லிப்ரே ஒபிஸ் ரைட்டர்' கிளையின் 'ஜெனரல்' பக்கத்தில் அளவு அலகைச் சென்ரிமீற்றராக மாற்றுங்கள். ஓரங்களின் அளவு 0.79 என்று தெரிந்தால் அலகு அங்குலத்தில் இருக்கிறது என்று பொருள். அதுவே 2 சென்ரிமீற்றர்.

இங்கே பயன்படும் ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீற்றர். அமெரிக்க லெட்டர் தாள் 216க்கு 279. அகலத்தில் சற்றுக் கூடவும் உயரத்தில் 18 மில்லிமீற்றர் குறையவும் இருப்பதால், லெட்டரில் தட்டச்சு செய்ததை ஏ4இல் அச்சிட்டால் வரிகள் இடம்பெயரும், அல்லது அச்சுப்பொறி பக்கத்தைத் தன் போக்கில் சுருக்கிவிடும். 'ஃபோமட்' பட்டியலில் 'பேஜ் ஸ்டைல்' திறந்து ஏ4 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இடது ஓரத்தை 3 சென்ரிமீற்றராக வைப்பது என் பழக்கம். கோவையில் இடுவதற்காகத் துளையிடும்போது எழுத்து பாதிக்கப்படாது.

6. மின்சாரம் போனாலும் எழுத்து போகாதிருக்க

'லோட்/சேவ்' கிளையில் 'ஜெனரல்' பக்கம். இங்கே மூன்று காரியங்கள் உள்ளன.

முதலாவது, மீட்புத் தகவலைச் சேமிக்கும் இடைவெளி. இயல்பாக 10 நிமிடம் என்று இருக்கும். 3 என்று மாற்றுங்கள். பழைய கணினியில் 1 என்று வைத்தால் தட்டச்சு திக்கித் திக்கி நிற்கும். மின்சாரம் வந்து ரைட்டரை மீண்டும் திறக்கும்போது மீட்புச் சாளரம் தானாக வரும். அதில் 'ரிகவர்' என்பதை அழுத்தவேண்டும். என்னவோ எச்சரிக்கை என்று பயந்து 'டிஸ்கார்ட்' அழுத்துபவர்கள் பலர். அப்படிச் செய்தால் மீட்கவிருந்தது அங்கேயே போய்விடும்.

இரண்டாவது, எப்போதும் காப்புப் பிரதி எடுக்கும் கட்டம். இதற்கு அடையாளம் இட்டால், நீங்கள் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்திய வடிவம் 'பேக்' என்ற பின்னொட்டோடு தனியாகக் காக்கப்படும். ஒருவருடைய கடிதத்தைத் திறந்து இன்னொருவருக்காகத் திருத்தி, பழைய பெயரிலேயே சேமித்துவிடும் தவறை எல்லோரும் ஒருமுறையாவது செய்வோம். அப்போது கைகொடுப்பது இதுதான். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை 'லிப்ரே ஒபிஸ்' கிளையின் 'பாத்ஸ்' பக்கத்தில், 'பெக்அப்ஸ்' என்ற வரி காட்டும். பின்னொட்டைப் பழையபடி மாற்றினால் வழக்கம்போலத் திறக்கலாம். முந்திய ஒரு வடிவம் மட்டுமே இருக்கும் என்பதால், தவறு தெரிந்தவுடன் மறுபடி சேமிக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மீட்புத் தகவலோடு நிற்காமல் கோப்பையே தானாகச் சேமிக்கச் சொல்லும் கட்டம். மின்கலம் இல்லாத மேசைக் கணினிக்கு இது நல்லது. ஆனால் பழைய கடிதத்தை மாதிரியாக வைத்துத் திருத்துபவர்களுக்கு ஆபத்தானது. நீங்கள் கேட்காமலே பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். நான் இதை இயக்குவதில்லை. கண்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கத்தை விரலுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

'பாத்ஸ்' பக்கத்துக்கு வந்ததும் 'மை டொகியுமன்ட்ஸ்' என்ற வரியையும் பாருங்கள். விண்டோஸ் சில கணினிகளில் ஆவணக் கோப்புறையை ஒன்டிரைவ் என்ற இணையக் களஞ்சியத்தோடு இணைத்து வைத்திருக்கும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் உங்கள் தரவுப் பொதி சத்தமின்றிக் கரையும். 'கடிதங்கள்' என்று ஒரு கோப்புறையை உருவாக்கி அதை இந்த வரியில் காட்டிவிட்டால், எல்லாம் ஓரிடத்தில் சேரும். பென் டிரைவுக்குப் பிரதி எடுப்பதும் எளிது.

7. எந்த வகைக் கோப்பாகச் சேமிப்பது

அதே 'லோட்/சேவ்' பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இயல்புக் கோப்பு வகையைத் தெரிவுசெய்யலாம். ரைட்டரின் சொந்த வகை ஓடிடி. நகரத்துக் கடைகளில் பெரும்பாலும் வேர்ட்தான் இருக்கும். வேர்ட் ஓடிடியைத் திறக்கும் என்றாலும், கடைக்காரர் அந்தப் பின்னொட்டைக் கண்டவுடன் "இது திறக்காது" என்று சொல்லிவிடுவார். வரிசையில் நின்றுகொண்டு அவரோடு வாதாட முடியாது. ஆகவே 'வேர்ட் 2010–365 டொகியுமன்ட்' என்பதை இயல்பாக வைத்துக்கொள்ளலாம். வேறு வகையில் சேமிக்கும்போது எச்சரிக்கும் கட்டத்தின் அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள்.

ஆனால் அச்சிடக் கொடுப்பதற்கு இந்தக் கோப்பையும் கொண்டுபோக வேண்டாம். ரைட்டரும் வேர்டும் வரி இடைவெளியைச் சற்று வேறுவிதமாகக் கணக்கிடுகின்றன. என் இரண்டாம் பயணத்தில் கையொப்ப வரி அடுத்த பக்கத்துக்குப் போனதற்குக் காரணம் லெட்டர் தாளும் இந்த வேறுபாடும் சேர்ந்ததுதான். 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போட் அஸ் பிடிஎஃப்' கொடுத்துப் பிடிஎஃப் ஆக மாற்றினால், எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். திரையில் கண்டது அப்படியே தாளில் வரும். பிறர் திருத்தவேண்டியதை வேர்ட் வகையிலும், அச்சுக்குப் போவதைப் பிடிஎஃப் வகையிலும் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. கேட்காமலே திருத்தும் வசதியை அடக்குதல்

இது ஒப்ஷன்ஸ் சாளரத்தில் இல்லை. 'டூல்ஸ்' பட்டியலில் 'ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ்' என்று தனியாக இருக்கிறது. பலர் இதைக் காணாமல் விடுவதற்கு அதுவே காரணம்.

மாற்றீட்டு அட்டவணையில் 1/2, 1/4, 3/4 ஆகியவற்றைப் பின்னக் குறிகளாக மாற்றும் வரிகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து நீக்குங்கள். வீட்டு இலக்கமும் லயத்தின் இலக்கமும் இப்படி எழுதப்படும் இடத்தில் இந்த வசதி உபகாரம் அல்ல, உபத்திரவம். அடைப்புக்குறிக்குள் சீ என்ற ஆங்கில எழுத்தை இட்டால் அது பதிப்புரிமைக் குறியாக மாறுவதும் அதே அட்டவணையால்தான். இணைப்புகளை ஏ, பீ, சீ என்று வரிசைப்படுத்தும் கடிதத்தில் மூன்றாவது இணைப்பு மட்டும் விசித்திரமாக நிற்கும்.

வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் கட்டம் ஒன்று உண்டு. யுனிகோட்டில் மட்டும் எழுதுபவர்களுக்கு அதனால் தீங்கு இல்லை. பாமினியை இன்னும் விடமுடியாதவர்கள் இதை உடனே நிறுத்தவேண்டும். பாமினியில் ஆங்கிலச் சிறிய எம் விசை 'அ', பெரிய எம் 'ஆ'. சிறிய வீ 'எ', பெரிய வீ 'ஏ'. மென்பொருள் உங்களை ஆங்கிலம் எழுதுபவர் என்று எண்ணிக்கொண்டு முதல் எழுத்தைப் பெரிதாக்கும்; 'அம்மா' என்று தொடங்கிய வரி 'ஆம்மா' ஆகும், 'எனது' என்பது 'ஏனது' ஆகும். தன் விரல்தான் தவறுகிறது என்று நினைத்து மாதக்கணக்காக அழித்து அழித்து எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும்.

'வேர்ட் கொம்ப்ளீஷன்' என்ற பக்கத்தையும் பாருங்கள். நீண்ட சொல்லின் முதற்பகுதியைத் தட்டியவுடன் மீதியைத் தானாகக் காட்டும் வசதி அது. அந்த வேளையில் அடுத்த வரிக்குப் போக என்டர் விசையை அழுத்தினால், காட்டிய சொல் கடிதத்துக்குள் புகுந்துவிடும். ஒரே கடிதத்தில் ஒத்த பெயர்கள் பல வரும் நம்மைப் போன்றோருக்கு இது வேண்டாம்.

9. திகதி

'இன்செர்ட்' பட்டியலில் 'ஃபீல்ட்' வழியாகத் திகதியை இடும்போது, மாறாத திகதி, மாறும் திகதி என இரண்டு வகை உண்டு. மாறும் வகையை இட்டால், ஒரு மாதம் கழித்துப் பிரதி எடுப்பதற்காகத் திறக்கும்போது அன்றைய திகதி வந்து நிற்கும். எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று பிரதேச செயலகத்தில் கேட்டால் காட்டுவதற்குக் கையில் இருக்கும் பிரதியே பொய் சொல்லும். எனவே திகதியைக் கையால் தட்டிவிடுங்கள்.

10. எல்லாவற்றையும் மாதிரியாகச் சேமித்துச் சோதித்தல்

ஒப்ஷன்ஸில் செய்தவை நிலைத்துவிட்டன. ஆனால் தாளின் ஓரங்களும் பக்க அமைப்பும் திறந்திருக்கும் கோப்புக்கு மட்டுமே உரியவை. ஆகவே ஏ4, ஓரங்கள் எல்லாம் சரியாக உள்ள வெற்றுக் கோப்பை 'ஃபைல்' பட்டியலின் 'டெம்ப்ளேட்ஸ்' வழியாக 'சேவ் அஸ் டெம்ப்ளேட்' கொடுத்து, 'மை டெம்ப்ளேட்ஸ்' என்பதைத் தெரிவுசெய்து, இயல்பு மாதிரியாக வைக்கும் கட்டத்துக்கு அடையாளம் இட்டுச் சேமியுங்கள். இனித் திறக்கும் ஒவ்வொரு புதிய கோப்பும் இப்படியே வரும். முன்பு எழுதிய கோப்புகள் இதனால் மாறமாட்டா.

பிறகு ஒரு சோதனைக் கடிதம் எழுதுங்கள்: தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், சாய்கோடு உள்ள வீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், திகதி, அடியில் கையொப்ப வரி. அதைப் பிடிஎஃப் ஆக்கி முதலில் உங்கள் கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். காசு செலவில்லாத சோதனை அது. கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் திரையைப் படம்பிடித்து அனுப்பாமல், கோப்பாகவே அனுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பாடசாலை அடிமட்டத்தால் இடது ஓரத்தை அளந்து பாருங்கள். 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்தோ கூடியோ இருந்தால், கடையில் பக்கத்தைப் பொருத்தி அச்சிடும் தெரிவு இயங்குகிறது. உண்மையான அளவில் அச்சிடும்படி கேளுங்கள்.

11. வேர்ட் வைத்திருப்பவர்களுக்கு

வேர்டில் 'ஃபைல்' பட்டியலின் அடியில் 'ஒப்ஷன்ஸ்' இருக்கிறது. பெயர் 'ஜெனரல்' பக்கத்தில். மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் கணக்கின் பெயரே பதியும் என்பதால், இட்ட பெயரையே எப்போதும் பயன்படுத்தச் சொல்லும் கட்டத்துக்கும் அடையாளம் இடுங்கள். மீட்பு இடைவெளியும், கணினியிலேயே சேமிக்கும் தெரிவும் 'சேவ்' பக்கத்தில் உள்ளன. அளவு அலகும் காப்புப் பிரதியும் 'அட்வான்ஸ்ட்' என்ற நீண்ட பக்கத்தில் ஒளிந்திருக்கின்றன. தானியங்கித் திருத்தம் 'ப்ரூஃபிங்' பக்கத்தில். எழுத்துருவுக்குக் கண்ட்ரோல் டி அழுத்தி வரும் சாளரத்திலும், தாளுக்குப் பக்க அமைப்புச் சாளரத்திலும் 'செட் அஸ் டிஃபோல்ட்' என்ற பொத்தான் உண்டு. இந்த ஆவணத்துக்கு மட்டுமா எல்லாவற்றுக்குமா என்று எழுத்துருச் சாளரம் கேட்கும்போது, எல்லாவற்றுக்கும் என்று கொடுங்கள்.

12. அமைப்புகள் குழம்பிவிட்டால்

வீட்டில் பிள்ளைகளும் அதே கணினியைப் பயன்படுத்தினால் என்றாவது ஒருநாள் கருவிப்பட்டைகள் காணாமற்போகும் அல்லது ரைட்டர் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். மென்பொருளை அழித்து மறுபடி நிறுவவேண்டியதில்லை. அப்படிச் செய்தாலும் உங்கள் அமைப்புகள் தனிக் கோப்புறையில் இருப்பதால் பழைய குழப்பம் அப்படியே திரும்பி வரலாம். 'ஹெல்ப்' பட்டியலில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' கொடுத்தால் ஒரு சாளரம் வரும். அதில் முதலில் முகப்பை மட்டும் பழைய நிலைக்கு மாற்றும் தெரிவைச் செய்து பாருங்கள். அதனாலும் சரிவராவிட்டால் மட்டும் முழு அமைப்பையும் தொடக்க நிலைக்கு மாற்றுங்கள். அதற்கு முன் உங்கள் மாதிரிக் கோப்பைப் பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்திருந்தால், 3ஆம் படியிலிருந்து மீண்டும் வர இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகாது.